திறந்திருந்த ரோடு

மாலை ஆறு ஐம்பது. மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை. ஊராட்சிக் கூடத்துக்குப் போகும் மண்ரோட்டில் ஒரு வண்டி இல்லை. பனி மட்டும் ரோட்டுக்குக் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தது...

“நம்ம டுவேனோட அத்தைக்கு நடந்தது இது” என்றேன்.

“உன் பேய் எல்லாம் டுவேன் வீட்டுக்கு மட்டும்தான் போகுமா?” என்றான் வெர்ன்.

“அவங்க வீட்டு சூப்பைக் குடிச்சிருந்தா நீயும் செத்தப்புறம் திரும்பி வருவே. பேசாம தூண்டிலைப் பாரு.”

நாங்கள் நான்கு பேர். உறைந்த ஏரியின் மேல் பலகைக் குடிசை. தரையில் மீன் பிடிக்க இரண்டு துளைகள், நடுவில் ஸ்டவ். கீழே பனிக்கட்டி ஒருமுறை முனகியது. யாரும் சிரிக்கவில்லை. தொடர்ந்தேன்.

டுவேனின் அத்தை பெயர் லியோனா. இந்தக் கதை முடிந்த பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊராட்சியில் மொத்தம் பன்னிரண்டு ஓட்டு. அன்றைய கேள்வி ஒன்றுதான். ஊராட்சியை வைத்துக்கொள்வதா, கலைத்துவிடுவதா. வைத்துக்கொள்ளப் பாதிக்கு மேல் வேண்டும். கலைத்தால் பனி தள்ளும் வண்டி போய்விடும். ரோட்டின் கடைசி வீடு லியோனாவுடையது. தனியாக இருந்தாள். வண்டி வராவிட்டால் நவம்பரில் மூடும் ரோடு ஏப்ரலில்தான் திறக்கும். வீட்டை விட்டுவிட்டு நகரத்தில் ஒரு முதியோர் விடுதிக்குப் போக வேண்டியதுதான்.

“ரோடு திறந்திருந்தா யாராவது வருவாங்க” என்பாள். அவ்வளவுதான் அவள் பிரசாரம்.

அன்று பதிவேட்டை எழுதியவள் அவள். எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் கிடையாது. அந்தக் காலத்தில் அட்டையும் யாரும் கேட்பதில்லை. வருகிறவனை எழுதுகிறவளுக்குத் தெரியும். தெரிந்தால் போதும். லியோனா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். மேசையில் கை வைத்தால் யார் என்று தெரியும். பெயரை எழுதுவாள், சீட்டைத் தள்ளுவாள், ஒரு துண்டு கூகன் வெட்டிக் கொடுப்பாள். பிளம் பழம் வைத்துச் சுட்ட ஜெர்மன் கேக்.

மூன்று மணிக்குள் பன்னிரண்டு பேரும் போட்டுவிட்டார்கள். ஆனாலும் சட்டப்படி ஏழு வரை திறந்திருக்க வேண்டும். அவளும் க்ளாரன்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். க்ளாரன்ஸ்தான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். எழுபது வயது.

“நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன்னு எனக்குத் தெரியும்” என்றாள் லியோனா.

“வலிக்கிற என் முதுகு போட்ட ஓட்டு அது. அதைத் திட்டு” என்று எழுந்து, வண்டியைச் சூடாக்க வெளியே போனான்.

அப்போதுதான் கதவு திறந்தது. பூட்ஸில் ஒட்டிய பனியை உதற மூன்று தட்டு. அவள் மிச்சக் கூகனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் தானிய வாசனை... மேசை மேல் ஒரு இடது கை. இரண்டு விரல் இல்லை. சோளம் அறுக்கும் எந்திரத்தில் போனது. முப்பது வருஷமாகப் பார்த்த கை. எழுதினாள். சீட்டைத் தள்ளினாள்.

“ரோடு எப்படி இருக்கு, லியோனா?”

“இன்னிக்குத் திறந்திருக்கு.” முடிச்சைப் போட்டபடியே சொன்னாள். “திறந்திருந்தா வீட்டுக்கு வா. காபி போடறேன்.”

எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது இது. யாரும் போவதில்லை.

சீட்டு டப்பாவில் விழுந்தது. கூடவே சின்னதாக ஏதோ... சலசலவென்று. கதவு மூடியது.

ஏழு மணிக்கு க்ளாரன்ஸ் வந்து டப்பாவைக் கவிழ்த்தான். சீட்டுகளோடு ஒரு பிடி பார்லி.

“யாரு இந்த விளையாட்டு விளையாடினது?”

எண்ணினான். கலைக்க ஆறு. வைத்துக்கொள்ள ஏழு. திரும்ப எண்ணினான். பதின்மூன்று. பதிவேட்டை இழுத்துப் படித்துக்கொண்டே வந்தான். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

எமில் கெய்ஸ்.

போன அக்டோபரில் தன் தகரக் குதிரில் பார்லிக்குள் இறங்கியவன் எமில். தானியம் இழுத்துக்கொண்டது. உடலை வெளியே எடுக்க ஐந்து மணி நேரம். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் க்ளாரன்ஸும் ஒருவன்.

“லியோனா... இது நீ எழுதினதா?”

“அவன் கை.” அவள் முகம் வெளுத்திருந்தது. “கையைப் பார்த்துதான் எழுதினேன்.”

“இந்தப் பேரை அடிச்சிட்டா ஆறுக்கு ஆறு. உன் ரோடு போச்சு.”

பேனா அவள் கையில்தான் இருந்தது. மூடியைப் போட்டு மூடினாள்.

அவளே இன்னொரு சீட்டைப் போட்டுவிட்டாள் என்றுதான் க்ளாரன்ஸ் நினைத்தான். சொல்லவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

“க்ளாரன்ஸ் தரையைப் பார்த்தானா?” என்றான் வெர்ன்.

“பார்த்தான். க்ளாரன்ஸோட பூட்ஸ் தடம் மட்டும்தான் ஈரமா இருந்துச்சு.”

அடுத்த குளிர்காலம் முழுக்க ரோடு திறந்திருந்தது. வாரம் இரண்டு முறை க்ளாரன்ஸ் வண்டி வரும். முற்றத்தில் திரும்பும்போது கை காட்டுவான். இறங்க மாட்டான். வேறு யாரும் வரவில்லை. சர்ச் ஆட்கள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று கூகன் சுட்டாள். இரண்டைப் பறவைகளுக்குப் போட்டாள்.

டுவேன் ஃபார்கோவில் இருந்தான். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போன் செய்வான்.

“ரோடு சரியானதும் வரேன் அத்தை.”

“ரோடு சரியாத்தான் இருக்கு, டுவேன்.”

“அடுத்த வாரம் பார்க்கலாம்.”

இதை எங்களிடம் சொன்னபோது டுவேன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இனி அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

ஜனவரி. ஞாயிறு. வெளியே மைனஸ் முப்பது. எட்டு மணி தாண்டி ஏழு எட்டு நிமிஷம்தான் இருக்கும். பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

“முற்றத்துல யாரோ.”

“க்ளாரன்ஸா?”

“க்ளாரன்ஸ் வண்டிக்கு மஞ்ச விளக்கு. இது... விளக்கே இல்ல. நடந்து வர்றாங்க.”

“அந்தக் குளிர்ல யாரு அத்தை நடப்பாங்க?”

போனில் டுவேனுக்குக் கேட்டது. வாசல் படியில் பூட்ஸ். மூன்று தட்டு. பிறகு ஒரு சத்தம்... மூட்டையிலிருந்து தானியம் சரிகிற மாதிரி. நிற்காமல், மெதுவாக.

“அத்தை. கதவைத் திறக்காதீங்க. நான் இப்பவே கிளம்பறேன். மூணு மணி நேரம். கேக்குதா?”

“ரோடு சரியாயிடுச்சா, டுவேன்?” என்று கேட்டாள். கோபமில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அவன் எட்டி கார் சாவியை எடுத்தான்.

“நான்தானே வரச் சொன்னேன்” என்றாள். போனைத் துண்டிக்கவில்லை. ரிசீவரை மேசை மேல் வைத்தாள். அடுப்பில் காபிப் பாத்திரம் ஏறும் சத்தம். செருப்பு தேய்ந்துகொண்டே தள்ளிப் போகும் சத்தம். தாழ்ப்பாள். காற்று உள்ளே வந்தது, போனில் இரைந்தது. தானியம் சரிவது நின்றது.

பிறகு மிக அருகில், ரிசீவர் பக்கத்திலேயே, பனி கரகரக்கும் தொண்டையில் ஒரு ஆண் குரல்.

“ரோடு திறந்துதான் இருந்துச்சு, லியோனா. வேற யாரும் வரலையா?”