விக்கல் நின்ற நேரம்

— மூச்சைப் பிடி முத்தாயி. நான் பத்து எண்ணுற வரைக்கும் விடாதே.

— எண்ணுங்க ஆமினாக்கா... ஹிக்.

— ஒண்ணுகூட எண்ணலையே புள்ள. சரி, இந்தச் சீனியை நாக்குல வச்சுக்க.

— நேத்துலேருந்து அரை டின் சீனி தின்னாச்சு. தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறு... ஹிக்... குடமாயிடுச்சு. எதிர்வீட்டுச் சீனம்மா வந்து முதுகுல நாலு குத்து குத்திட்டுப் போனாங்க. முதுகு வலிதான் மிச்சம்.

— யாரோ உன்னை விடாம நினைக்கிறாங்க.

— நினைக்கிறவங்க நாளைக்கு நினைக்கக் கூடாதா? ஹிக். பத்து மணிக்கு முகூர்த்தம். எம் புள்ள தங்கராஜு தாலி கட்டுறப்ப, பக்கத்துல பெத்தவ விக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? பொண்ணு வீட்டுக்காரங்க புக்கிட் பாஞ்சாங்லேருந்து ரெண்டு லாரி ஆளோட பெருமாள் கோயிலுக்கு வராங்க.

— உன் வீட்டுக்காரர் எங்க?

— அவரும் தங்கராஜுவும் முன்னாடியே போயிட்டாங்க. விக்கல் நின்னதும் வரேன்னு சொல்லிட்டேன். ஒம்பதுக்கு எனக்கு டாக்ஸி வரும்.

— அப்ப ஒரே வழிதான் பாக்கி. ஏண்டி, என் தங்கக் கம்மல் ஒத்தையைக் காணோம். நேத்து நீதானே எங்க வீட்டுக்கு வந்தே?

— சிரிப்பு வருதுக்கா. விக்கலுக்குத் திருட்டுப் பழி போடுறது எங்கம்மா காலத்து வித்தை. சின்னப் புள்ளைங்கதான்... ஹிக்... பயப்படும்.

— கொடியில காயப் போட்டிருந்த என் பச்சைச் சேலை?

— அதைத்தானே இப்பக் கட்டியிருக்கீங்க. ஹிக்.

— அட, ஆமாம் லா. சரி, இந்தப் பாழாப்போன விக்கல் எப்ப ஆரம்பிச்சுது?

— நேத்து சாயங்காலம். கல்யாண விருந்துக்குன்னு நீங்க அரிசி மூட்டையைக் கொண்டாந்து இறக்குனீங்களே, அப்ப.

— ம். அப்ப என் மூஞ்சியை நேராப் பாத்துச் சொல்லு. ஜப்பான்காரன் ஊரைப் பிடிச்சிருந்த பஞ்ச காலத்துல, என் சமையக்கட்டுப் பானையிலேருந்து அரிசி எடுத்தது நீதானே?

— ...

— முத்தாயி?

— ...

— விக்கலைக் காணோமே. நின்னுடுச்சு புள்ள. எழுந்திரு, பூ வச்சுக்க.

— எடுத்தேன்க்கா.

— சும்மா கேட்டேன் லா. எழுந்திரு.

— சும்மா இல்ல. எடுத்தேன். ஒரு பால் டின் நிறைய. தங்கராஜுவுக்கு அப்ப நாலு வயசு, காய்ச்சல்ல கிடந்தான். மரவள்ளிக்கிழங்கை ஊட்டினா துப்பிடுவான். கஞ்சி, கஞ்சின்னே முனகிக்கிட்டிருந்தான். உங்க பின்கதவு திறந்திருந்துச்சு. நீங்க தொழுதுக்கிட்டு நின்னீங்க. தொழுகையில நின்னா நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க முதுகுக்குப் பின்னால திருடினேன்.

— அழாதே. கண் மை கலையுது.

— பத்தொம்பது வருஷமா இதை நெஞ்சுக்குள்ளயே அமுக்கி வச்சிருக்கேன். மறுநாள் உங்க புள்ளைங்க ரெண்டும் கிழங்குதான் தின்னுச்சுங்க, பாத்தேன். அந்தக் கஞ்சி இல்லேன்னா இன்னிக்கு மாலை போட்டுக்க எம் புள்ளை இருந்திருக்க மாட்டான். அதுக்கு உங்களுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வழியில்ல. நன்றி சொன்னா திருட்டையும் சொல்லணுமே. நேத்து அந்த மூட்டையைப் பாத்ததும் விக்கல் பிடிச்சுக்கிச்சு.

— அதான் இப்பச் சொல்லிட்டேல்ல.

— என்னைத் திட்டுங்கக்கா. கேட்டிருந்தா குடுத்திருப்பேனேன்னாவது சொல்லுங்க.

— கேக்காமலேயே குடுத்தேனே, மறந்துட்டியா? முந்தானையில அரிசியை மறைச்சுக் கொண்டாந்து நீட்டினேன். ‘உங்க புள்ளைங்க வாயிலேருந்து பிடுங்கி எம் புள்ளைக்கா?’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிட்டே.

— அனுப்பினேன். அப்புறம் நானே வந்து திருடினேன்.

— டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் பாரு. திரும்பு, பூவை நானே வச்சு விடுறேன்.

— ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. விக்கலை நிறுத்தச் சும்மா கேட்டீங்களா, தெரிஞ்சு கேட்டீங்களா?

— ஜப்பான்காரன் காலத்துல எவளாவது அரிசிப் பானையை வச்சுக்கிட்டுப் பின்கதவைத் திறந்து போடுவாளா புள்ள? நீ கும்பிட்டு அனுப்பினதுக்கப்புறம் மூணு நாள் திறந்து வச்சேன், மூணாம் நாள்தான் நீ வந்தே. பானையில டின் உரசுற சத்தம் கேட்டுச்சு. நீ பாதி டின்னோட ஓடிடுவியோன்னு, முடிஞ்ச தொழுகைக்கு மேல இன்னும் ரெண்டு ரக்அத் உம் புள்ளைக்காகத் தொழுதுக்கிட்டு நின்னேன், நீ நிறைச்சுக்கிட்டுப் போற வரைக்கும் திரும்பாம.