பால் டீ கலரு நீர்க்காக்கா

எங்க நைனா ஒண்ணு சொல்வாரு மச்சான். ஆத்துல புதுசா எது வந்து குந்தினாலும் மொதல்ல... மொதல்ல இன்னாவோ பண்ணணும்பாரு. பாதி மறந்துபோச்சு. கொல்லணும்னு சொன்ன மாதிரி மட்டும் ஞாபகமே இல்ல.

வலையோட அந்த முனைய இழுத்துப் புடி, அறுந்த எடத்துல நான் முடிச்சு போட்டுகினு வர்றேன். ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சா? அந்த நீர்க்காக்கா யார் கைல மாட்னாலும் அத்தோட கழுத்தத் திருகிடணும், அதானே? கரண்ட் கம்பெனி சாம்பத் தண்ணி ஆத்துல கலக்குது, அதுக்கு ஒரு நாளாச்சும் இத்தினி பேர் கூடி நான் பாக்கல.

அது வந்ததும் எறா ஓடிப்போச்சா? தீபன், நான் மஸ்கட்லேர்ந்து வந்து எறங்குனது ஆடி மாசம். அன்னிக்கே உங்கக்கா கொழம்புக்கு எறாவ மார்க்கெட்ல காசு குடுத்து வாங்கினு வந்தா. முகத்துவாரக்குப்பத்துல பொறந்தவ. இந்தப் பறவ வந்தது அதுக்கப்பறம் மழைக்குத்தான்யா.

தெனம் பாக்குறேன். நீர்க்காக்கா கூட்டம் மொத்தம் கரி மாதிரி கீது, இது மட்டும் பால் டீ கலரு. சாம்பல் ஒட்டிகினுகீதுன்னுதான் நானும் நெனச்சேன். மழைல நனைஞ்சும் போவல, முங்கி முங்கி எழுந்தும் போவல. பொறப்பே அப்டி. றெக்கைய விரிச்சிகினு காஞ்சா, கொடில போட்ட பழைய பனியன் கணக்கா கீது. மத்ததுங்க அத்த ஆத்துல நட்ட கழில குந்தவே வுடல, கொத்திக் கொத்தித் தள்ளுச்சுங்க. மழை முடியற வரைக்கும் சேத்துலயே தனியா குந்திச்சு. தை பொறந்து பாக்குறேன், நடுக் கழில அதான் குந்திகினுகீது. கொத்த வந்தத திருப்பிக் கொத்திட்டு.

சிரி. கருணாகரன் ஃபாரின் போய் கிறுக்கு புடிச்சு வந்தான்னு ஊரே சொல்லுதுன்னு தெரியும். ஊர வுட்டுத் தள்ளி வைப்பாங்களா? வைக்கட்டும். இருபது வருஷம் தள்ளித்தானே இருந்தேன். உங்கக்கா கிட்டயும் சொல்லிட்டேன். அவ தட்டுல சோத்தப் போட்டா.

இன்னாது, எந்த நண்டு வலைய இம்மாம் பெருசா கடிக்கும்னு கேக்குறியா?

நண்டு இல்ல மச்சான். காலைல நீ டீ குடிக்கப் போனே இல்ல, அப்ப வலையத் தூக்குனேன். அத்தோட கழுத்து மாட்டிகினு இருந்துச்சு. கத்தியால உன் வலைய அறுத்து அத்த வுட்டுட்டேன்.