பின்கொட்டகைக்கு ஒரு ஃபேன்

எனக்கு எண்ணெயில பொரிச்சது எதுவும் ஒத்துக்காது சார். வாயில வெச்சா போதும், ராத்திரி முழுக்க நெஞ்சைக் கரிக்கும். பிஸ்கட் இருந்தா குடுங்க, இல்லன்னா வெறும் டீ போதும். தப்பா எடுத்துக்காதீங்க.

எண்ணெய் விஷயத்தை போலீஸ்காரங்க நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. அதை நான் மறுக்கப் போறதில்ல. ஆனா உங்களுக்குப் புரியணும்னா முதல்ல இருந்து சொல்லணும். ஹோட்டல், பேக்கரி, கேன்டீன்ல பொரிச்சு முடிச்ச பழைய எண்ணெயை வாங்கிச் சுத்தம் பண்ணி, விமானத்துக்கு ஊத்தற எரிபொருளா மாத்தறது என் தொழில். நல்ல தொழில். அரசாங்கமே உதவித்தொகை குடுத்துச்சு. ஒரே நிபந்தனை, எண்ணெய் பழசா இருக்கணும். புது எண்ணெயை எரிச்சா ஜனங்க வாயில போறதைப் பிடுங்கின மாதிரி ஆயிடும்னாங்க. நியாயம்தான். ஆனா அவ்வளவு பழைய எண்ணெய்க்கு நான் எங்க போறது? ஹோட்டல்காரன் ஒரே எண்ணெயைக் கருகக் கருகக் காய்ச்சி, கடைசிச் சொட்டையும் நம்ம வயித்துலதான் ஊத்தறான்.

அதனால புது எண்ணெயை வாங்கி நாங்களே பழசாக்கினோம். நல்ல எண்ணெய்க்குக் கிடைக்காத மரியாதை கெட்ட எண்ணெய்க்குக் கிடைக்குதுன்னா நான் என்ன பண்ண முடியும்? ஆலைக்குப் பின்னால தகரக் கொட்டகை. அதுல பெரிய வாணலி வெச்சு, வெங்காயத்தோல், உருளைக்கிழங்குத்தோல், காய்ஞ்சு போன பிரெட்டுன்னு போட்டுக் கருக்குவோம். தின்றதுக்கு இல்ல, வாசனைக்கு.

அந்த வேலை என் மச்சினனோடது. என் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. வேலை வெட்டி இல்லாம சுத்திக்கிட்டு இருந்தவனை நான்தான் கூட்டிட்டு வந்து ஆளாக்கினேன். வாய் மட்டும் ஓயாது. "அத்தான், நம்ம எண்ணெயில பறக்கிற விமானம் போற வழியெல்லாம் வெங்காய வாசனை அடிக்குமா?"ன்னு கேப்பான். நானும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன் சார். அவன் மேல எனக்குப் பாசம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

புகையில நின்னு நின்னு அவனுக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. கொட்டகையில ஜன்னல் கிடையாது. வெச்சா வாசனை தெரு முழுக்கப் போயிடுமே. "புகையை வெளிய தள்ளற ஃபேன் ஒண்ணு மாட்டிக் குடுங்க அத்தான், வேற எதுவும் கேக்கல"ன்னான். பாக்கலாம்னேன். அக்காவை விட்டுக் கேக்க வெச்சான். அவகிட்டயும் பாக்கலாம்னேன்.

அப்பத்தான் உதவித்தொகை குடுக்கிற ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு ஒரு அதிகாரியம்மா வர்றதா தகவல் வந்துச்சு. அவங்க கையெழுத்துப் போட்டா அடுத்த கட்ட உதவி வரும், ஆலையைப் பெரிசாக்கலாம். போடலன்னா இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். அன்னைக்குக் காலையில மச்சினன் வந்து நிக்கறான். "நீங்க வாங்கித் தர மாட்டீங்க. அந்தம்மாகிட்டயே கேட்டுடறேன். இவ்வளவு பணம் குடுக்கிற அரசாங்கம் ஒரு ஃபேன் குடுக்காதா?"

வெகுளி சார். காட்டிக் குடுக்கிற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்ல. நிஜமாவே ஃபேன்தான் கேக்கப் போனான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, ஆனா கத்தல. "போய் அடுப்பை அணைச்சுட்டு வா, சேர்ந்தே கேக்கலாம்"னேன். அவன் முகம் மலர்ந்து போச்சு. உள்ள போனான். நான் கதவைச் சாத்தி வெளிய இருந்து பூட்டினேன். அந்தம்மா கிளம்பற வரைக்கும் சும்மா உட்காரட்டும்னுதான், வேற எந்த நினைப்பும் இல்ல.

அந்தம்மா தங்கமான மனுஷி. பீப்பாயைத் திறந்து மோந்து பாத்துட்டு, நல்லாப் பொரிச்ச எண்ணெய்தான்னு தலையாட்டினாங்க. அப்ப பின்னால தடதடன்னு சத்தம். "என்னங்க அது?" "பீப்பாய் உருட்டறாங்கம்மா"ன்னேன். கொஞ்ச நேரத்துல "அத்தான்"னு குரல். அந்தம்மாவுக்கு அது யாரோ யாரையோ கூப்பிடற சத்தம். எனக்கு அப்படி இல்ல. பம்பு ஓடறதைப் பாக்கணும்னு அவங்க ஏற்கெனவே கேட்டிருந்தாங்க. அதனால பம்பைப் போட்டேன். அது ஓடினா பக்கத்துல நிக்கறவங்க பேசறதே கேக்காது.

எண்ணெயில எப்படித் தீப்பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. பூட்டின கோபத்துல அடுப்பை அணைக்காம கதவுகிட்டயே நின்னிருப்பான். அது அவன் கவனக்குறைவு. அந்தம்மா புகையைப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க. குப்பை எரிக்கறாங்கன்னேன். அவங்களுக்கு வருத்தம். "உங்க மாதிரி ஆளுங்களே இப்படிக் காத்தைக் கெடுக்கலாமா?"ன்னாங்க. "இனிமே எரிக்க மாட்டோம்மா"ன்னு சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தவும் செஞ்சேன். கையெழுத்துப் போட்டாங்க. கார் வரைக்கும் போய் வழியனுப்பி வெச்சேன்.

திரும்பி வந்தப்ப தட்டற சத்தம் நின்னு போயிருந்துச்சு. அதுக்கப்புறம் திறந்து என்ன ஆகப் போகுது? தீயணைப்புக்காரங்க வந்து கீலைப் பேத்துத் திறந்தாங்க. "கதவு ஏன் திறக்கல?"ன்னு பெண்டாட்டி கேட்டா. சூட்டுல தகரம் இறுகிடுச்சுன்னேன். நம்பினா. இன்னைக்கும் எனக்குச் சோறு போட்டுட்டுத்தான் அவ சாப்பிடறா.

நீங்க மேஜை மேல வெச்சிருக்கிற பூட்டு என்னோடதுதான் சார். சாவி அன்னைக்கு முழுக்க என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் எடுக்கல.

இதையும் சேர்த்து எழுதிக்குங்க. அடுத்த கட்டப் பணம் வந்ததும் நான் முதல்ல வாங்கினது ஒரு ஃபேன். பெரிசு. புதுக் கொட்டகையில மாட்டியிருக்கேன், வேணும்னா போய்ப் பாருங்க. இப்ப அங்க ஒருத்தரும் இருமறதில்ல. மச்சினன் வாயைத் திறந்து கேட்ட ஒண்ணை நான் செய்யாம விட்டேன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது பாருங்க.