முதல்ல சாவிய எண்ணுங்க

அந்தப் பேப்பர் பையிலயே இருக்கட்டும் சார், அப்புறம் படிக்கலாம். மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர்ல வேணாம், அது கால் ஆடும். இந்த ஸ்டூல இழுத்துக்கோங்க. பேன்ட்ல பித்தளத் தூள் ஒட்டும், பாத்து. காலையிலேர்ந்து சாவி வெட்டிக்கிட்டிருக்கேன், மெஷினத் தொடைக்க நேரமில்ல.

ம், சொல்லுங்க. என் தம்பி உங்கள எங்க புடிச்சான்? பிரிண்டிங் பிரஸ்லயா. ரொம்ப நாள் பழக்கமோ? ஓ, ரெண்டு தடவதான் பாத்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க சார், நான் யார் வந்தாலும் இப்படித்தான் கேப்பேன். பூட்டு விக்கிறவ நானு. உள்ள வர்றவங்க கையப் பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாப்பேன்.

உங்க கையா? உங்க கையில மைதான் இருக்கு. அதுவும் நம்ப முடியாது.

இல்ல, உண்மையாவே கேக்குறேன். நீங்க இந்த விளம்பர வேலையில பழுத்த ஆளுன்னு அவன் சொன்னான். ஒரு கடைய நாலு பேருக்குத் தெரியவைக்க எது நல்லது? பேப்பர்காரங்களுக்குக் குடுக்குற பிரஸ் ரிலீஸா, இல்ல ஜனங்களுக்கு உபயோகமா எழுதிப் போடுற கட்டுரையா? ரெண்டும் வேணும்னு சொல்லாதீங்க. அது ஜோசியக்காரன் பதிலு.

நான் ரெண்டையும் பாத்துட்டேன் சார். கடையில கல்லா நானு, வீடுங்களுக்குப் போயி பூட்டு மாட்டுறது தம்பி. ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்ச கடதான். ஆரம்பத்துல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம். அப்பதான் இவன் ஒரு பிரஸ் ரிலீஸ் குடுத்தான். நகரின் முதன்மையான பாதுகாப்பு நிறுவனம் உதயம், அப்படின்னு. யாருடா நம்மள முதன்மைன்னு சொன்னதுன்னு கேட்டேன். நாமளே சொன்னாத்தான்க்கா உண்டுங்கிறான். மூணு வரி வந்துச்சு, காணாமப்போன நாய் அறிவிப்புக்குக் கீழ. அதுலயும் போன் நம்பர் தப்பு. ஒரு லேடீஸ் டெய்லர் வீட்டுக்குப் போச்சு அத்தன போனும். அத்தனன்னா என்ன, நாலஞ்சு இருக்கும். அந்த டெய்லரம்மா இங்க நேர்லயே வந்து சண்ட போட்டாங்க. அன்னைக்கு கட வாசல் மிதிச்ச ஒரே ஆளு அவங்கதான். போகும்போது பீரோவுக்கு ஒரு பூட்டு வாங்கிட்டுப் போனாங்க, அது வேற விஷயம்.

அப்பத்தான் என் பொண்ணு சொன்னா. காலேஜ்ல படிக்கிறா. அம்மா, நம்மளப் பத்தி நாமளே பீத்திக்கிட்டா எவன் கேப்பான், அவங்களுக்கு என்ன தெரியணுமோ அத எழுதுன்னா. நான் சொல்லச் சொல்ல அவ டைப் அடிச்சு வெப்சைட்ல போட்டா. மொத கட்டுர, சாவி பூட்டுக்குள்ளயே ஒடைஞ்சா என்ன பண்ணணும். தம்பிக்கு வந்துச்சு பாருங்க கோவம். தொழில் ரகசியத்த எல்லாம் சந்தியில கொட்டுற, அவனவன் தானே சரி பண்ணிக்கிட்டா நமக்கு வாயில மண்ணுதான்னு குதிச்சான். நாலாம் நாளு ஒருத்தர் போன் பண்றாரு. அம்மா, உங்க கட்டுரைய படிச்சு அப்படியே செஞ்சேன், இப்ப இடுக்கியும் சேந்து மாட்டிக்கிச்சு, கொஞ்சம் வர முடியுமான்னு. சிரிக்காதீங்க, அவருதான் இன்னைக்கு வரைக்கும் நம்ம நல்ல கஸ்டமர்.

அதுக்கப்புறம் யாவாரம் ஏறுச்சு சார். சும்மா ஏறல, பிச்சுக்கிட்டு ஏறுச்சு. வெல கூடின பூட்டாப் பாத்து கேட்டாங்க. தம்பி, எல்லாம் என் பிரஸ் ரிலீஸ்தான், ஜனங்க மனசுல பேரு பதிஞ்சிருச்சுங்கிறான். நான் என் கட்டுரதான்னு நெனச்சுக்கிட்டேன். பெருமையாவும் இருந்துச்சு. ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்டுருவேன். எங்களப் பத்தி எப்படித் தெரியும்னு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். பேப்பர்ல பாத்தேன்னு ஒருத்தர் சொல்லல. கட்டுர படிச்சேன்னு ரெண்டு மூணு பேரு. மிச்சப்பேரு எல்லாம் ஒரே பாட்டு. பக்கத்து வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்களாம், ஒரு பொருளும் போகல, பீரோவ மட்டும் தொறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க, பயமா இருக்கு, நல்ல பூட்டாக் குடுங்க.

அங்கயே எனக்கு நெருடுச்சு. திருடன்னு ஒருத்தன் வந்தா எதையாச்சும் எடுத்துட்டுத்தானே போவான்? வேல மெனக்கெட்டு வீட்டுக்குள்ள பூந்து, பீரோவத் தொறந்து பாத்துட்டு, கும்புடு போட்டுட்டா போவான்? இன்னொண்ணு, வெப்சைட்டுன்னா ஊரு ஒலகமே பாக்கும். வர்றவங்க மட்டும் ஏன் அதே ரெண்டு தெருவுலேர்ந்து வராங்க? ரெண்டும் நாம ஏற்கெனவே பூட்டு மாட்டின தெருவு.

இருங்க, தண்ணி குடிங்க. சொல்றேன்.

அப்போ நான் ஒரு கட்டுர போட்டேன். பூட்டு ஒடையல, ஆனா யாரோ வந்து போன மாதிரி இருக்கா? முதல்ல சாவிய எண்ணுங்க. அதான் தலைப்பு. ஒவ்வொரு பூட்டுப் பெட்டியிலயும் எத்தன சாவி வரும்னு கம்பெனி வாரியா சொல்லியிருந்தேன். போட்டு ரெண்டு நாளு இருக்கும், ஒரு நர்ஸம்மா போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக்கும் அந்த மாதிரி யாரோ வந்து போயிருக்கான். வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு மேல சந்தேகப்பட்டு அவள நிறுத்திட்டாங்க. எட்டு வருஷமா வந்துக்கிட்டிருந்த பொண்ணு சார். அழுதுகிட்டே போயிருக்கா. நர்ஸம்மா கேக்குறாங்க, நீங்க அஞ்சு சாவின்னு எழுதியிருக்கீங்க, உங்க கடையில எங்களுக்கு நாலுதானே குடுத்தாங்க?

பிரிண்ட் தப்பும்மா, பாத்துச் சொல்றேன்னுட்டு வெச்சுட்டேன். அப்புறம் அதே கம்பெனி பூட்டு மாட்டின வீடுங்களுக்கெல்லாம் நானே போன் போட்டேன், பூட்டு நல்லா வேல செய்யுதான்னு கேக்குற சாக்குல. நாலு. நாலு. இன்னொரு வீட்லயும் நாலு. அஞ்சாவது சாவி எந்த வீட்டுக்குமே போய்ச் சேரல.

யாருன்னு கேக்குறீங்களா? பூட்டு மாட்டுறது யாருன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேனே சார்.

கேட்டேன். சோத்துத் தட்டு முன்னாடி வெச்சே கேட்டேன். மறைக்கக்கூட இல்ல அவன். சிரிச்சான். அக்கா, ஒரு குண்டூசி தொட்டிருப்பனா சொல்லு? பீரோவத் தொறந்து வெச்சிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஒரு வீட்ல பயம், பத்து வீட்ல பூட்டு. உன் கட்டுரையும் வேணாம், பேப்பரும் வேணாம், இதவிட ஒரு விளம்பரம் இருக்கான்னு கேட்டான். என் தம்பி சார். நான் தூக்கி வளத்த பய. அந்த நர்ஸம்மா பையன் தனியா பாத்ரூம் போகமாட்டேங்கிறானாம்டா, ஒரு பொண்ணு பொழப்பு போச்சுடான்னு கத்தினேன். அப்பத்தான் தட்டுல கை நின்னுச்சு. என் பொண்ணு மேல சத்தியம் பண்ணான், இனிமே கிடையாதுன்னு. சாவியெல்லாம் கொண்டாந்து என் முன்னாடி கொட்டுனான். நான் ஒவ்வொண்ணா மெஷின்ல வெச்சு அழிச்சேன்.

நீங்க பாக்குற பார்வ புரியுது. அன்னைக்கே ஊரக் கூட்டியிருக்கணும். கூட்டல. வெளிய சொன்னா கட போயிரும், அவன் ஜெயிலுக்குப் போவான், நாளைக்கு என் பொண்ணக் கட்டிக்க எவன் வருவான், இப்படியெல்லாம் ஓடுச்சு. நர்ஸம்மாகிட்ட மட்டும் போயி அந்த வேலக்காரப் பொண்ணுமேல தப்பு இல்ல, எங்க பூட்டுலதான் கோளாறுன்னு சொல்லி, புதுசு மாட்டிக் குடுத்துட்டு வந்தேன். அவங்க அவளத் திரும்ப வேலைக்குக் கூப்புட்டாங்க. அந்தப் பொண்ணு வரலையாம்.

அப்புறம் இவனே வந்து சொல்றான், இனிமே நேர் வழிதான்க்கா, ஒழுங்கா ஒரு பிரஸ் ரிலீஸ் குடுப்போம், நல்லா எழுதுற ஆளு ஒருத்தர் இருக்காருன்னு. அதான் நீங்க. நீங்களும் அவன் கூட்டாளியா என்னன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் உங்கள நோண்டுனேன். ஒண்ணும் தெரியாதுன்னு உங்க மூஞ்சியே சொல்லுது.

இப்ப எடுங்க அந்தப் பேப்பர. படிங்க, கேப்போம்.

ம்.

மர்ம நபர் நடமாட்டம், பொதுமக்கள் உஷார். தலைப்பு அவன் சொன்னதா, உங்களுதா? அவனுது. படிங்க.

இருங்க, அந்தத் தெருவு பேரெல்லாம் திருப்பிப் படிங்க. மார்க்கெட் தெரு, சரி. தண்ணித்தொட்டித் தெரு, சரி. அடுத்தது? பள்ளிக்கூடத் தெருவா? நல்லாப் பாருங்க. அவனே சொன்னானா, நீங்களா சேத்தீங்களா? அவனே எழுதிக் குடுத்ததா.

இது பேப்பர்ல எப்ப வரும்? அடுத்த வாரமா.

ஒண்ணுமில்ல சார். பள்ளிக்கூடத் தெருவுல நம்ம பூட்டு ஒரே ஒரு வீட்லதான் இருக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. போன வாரம்தான், சத்தியம் பண்ணதுக்கு அப்புறம், இவன் போயி மாட்டிட்டு வந்தான். அந்த வீட்டுக்குள்ள இன்னும் யாரும் பூந்து போகல சார்.

எந்திரிக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பேனா இருக்குல்ல? அந்தப் பேப்பரக் கிழிச்சுட்டு, புதுசா ஒரு தாள் எடுங்க. பிரஸ் ரிலீஸேதான். கட்டுரைய தேடுறவன்தான் படிப்பான், இது தேடாதவன் காதுலயும் விழணும். எங்க கடையில பூட்டு வாங்கின எல்லாருக்கும் அறிவிப்பு. எங்க ஆளு உங்க வீட்டுச் சாவி ஒண்ண வெச்சுக்கிட்டு, நீங்க இல்லாதப்போ உள்ள வந்து போயிருக்காரு. எல்லாப் பூட்டையும் நாங்களே மாத்தித் தர்றோம். இதுல எந்தத் தேனும் தடவாம எழுதுங்க.

கட மூடிருமா? மூடட்டும்.

அவனா? சாயங்காலம் வந்துருவான், பேப்பருக்கு போட்டோ எடுக்கணும்னு உங்ககிட்ட சொல்லியிருக்கானாமே. எடுங்க. நல்லா வெளிச்சத்துல நிக்க வெச்சு, மூஞ்சி தெளிவாத் தெரியிற மாதிரி எடுங்க. நான் இந்தப் பூட்டுப் பெட்டிய எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத் தெருவுக்குப் போறேன், பூட்ட மாத்திட்டு அப்படியே ஸ்டேஷனுக்கு. நீங்க அதுக்குள்ள எழுதிருவீங்கல்ல?

எங்க ஆளுன்னு மொட்டையா வேணாம்னு தோணுது. அடிச்சிருங்க. என் கூடப்பொறந்த தம்பின்னே போடுங்க.