ஒரு மணி நாற்பது நிமிட மரியாதை

பேச்சு எனக்குப் பிடிக்கும், மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கௌதமன் பேச்சுக்கு எதிரி என்று ஒர்க்ஷாப்பில் ஒரு பேர் கிளம்பியிருக்கிறது. அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். கல்லூரியில் நான்கு வருடமும் பட்டிமன்றத்தில் இருந்தவன் நான். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஆரம்பித்தால் காந்திபுரம் வரும்வரை அவர் வீட்டு மாட்டுக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு வருவேன். பேச வேண்டிய இடத்தில் பேசலாம். மிஷின் ஓடுகிற இடத்தில் பேசினால் அதற்கு நேரம் ஆகும். அவ்வளவுதான் என் கட்சி.

நீங்கள் தொழிற்சாலை ஆய்வாளர். பிரஸ் ஷாப் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் எங்களுடையதைச் சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவருக்கு வசதியாக இருக்கும். கணபதி ஏரியாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. என் மாமா பொங்கியண்ணன் ஆரம்பித்தது. பம்புசெட் மோட்டாரின் பின்பக்கம் காற்றாடியை மூடியிருக்கும் தகர மூடி உண்டல்லவா, அதைத்தான் அடிக்கிறோம். மொத்தம் பதினோரு பேர், ஒரு பெரிய பவர் பிரஸ். முன்பக்கம் பூவாத்தாள் அக்கா உட்கார்ந்து வட்டத் தகட்டை அச்சுக்குள் வைத்துக் கையை எடுப்பார். பின்பக்கம் மாசாணம் அண்ணன் நின்று லீவரை இழுப்பார். இரும்பு இறங்கும். தகடு மூடியாகிவிடும். அடித்த மூடியை அவர் பின்னால் உருவிக்கொள்வார், இவர் முன்னால் அடுத்த தகட்டை வைப்பார்.

எழுபத்தைந்து டன் பிரஸ். தகட்டுக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இது எனக்கு முதல் நாளே தெரியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிஷினின் தூண் குறுக்கே நிற்பதால் மாசாணம் அண்ணன் நிற்கிற இடத்திலிருந்து பூவாத்தாள் அக்காவின் முகம் தெரியும், கை தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தகட்டை வைத்துக் கையை எடுத்ததும் அக்கா சொல்வார்: "ஆச்சுங்க." அண்ணன் கேட்பார்: "உடட்டுங்களா?" அக்கா சொல்வார்: "உடுங்க." அப்புறம்தான் லீவர். ஒவ்வொரு தகட்டுக்கும் இது மூன்றும் உண்டு. இருவருக்குள் சண்டை வந்து டீ நேரத்தில் முகம் திருப்பிக்கொண்ட நாட்களிலும், மிஷின் முன்னால் இந்த 'ங்க' குறையாது. பத்தொன்பது வருடம் இப்படி ஓட்டியிருக்கிறார்கள். அந்த பிரஸ்ஸில் ஒரு நகம்கூடப் போனதில்லை என்று மாமா பெருமையாகச் சொல்வார். பத்தொன்பது வருடமாக உற்பத்தியும் ஏறியதில்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

நான் மேலாண்மைப் படிப்பை முடித்து வந்த நேரத்தில் ஒரு பெரிய பம்பு கம்பெனி எங்களிடம் வந்தது. ஒரு நாளைக்கு மூவாயிரத்து எழுநூறு மூடி தர முடியுமானால் முழு ஆர்டரும் எங்களுக்கு. நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது மூவாயிரம். மாமா இன்னொரு பிரஸ் வாங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இருக்கிற பிரஸ்ஸுக்குள்ளேயே அந்த எழுநூறு மூடியும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்றேன்.

தேடினேன். முதல் வாரம் தரையில் மஞ்சள் கோடு போட்டேன். சுத்தியலுக்கு ஒரு இடம், ஸ்பேனருக்கு ஒரு இடம், டீக் கேனுக்கு ஒரு இடம், அதன் மேல் 'டீக் கேன்' என்று ஒரு சீட்டு. வாசலில் படுக்கும் நாய்க்கு மட்டும் கோடு போடவில்லை. அது ஒத்துழைக்கிற ரகம் இல்லை. ஆலோசனைப் பெட்டி ஒன்றும் மாட்டினேன். இரண்டாம் வாரம் போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு பிரஸ் பக்கத்தில் நின்றேன். அந்த மூன்று வார்த்தைக்கு மட்டும் இரண்டு நொடி. மூவாயிரம் தகட்டுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். அதாவது தினமும் ஒரு மணி நாற்பது நிமிடம் எங்கள் ஒர்க்ஷாப்பில் மூடி தயாரிக்கவில்லை, மரியாதை தயாரித்துக்கொண்டிருந்தோம்.

மாமாவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, அது சும்மா பேச்சில்லீங்க. கைய எடுத்தாச்சான்னு கேக்கறதுங்க."

"அதை ஒரு பல்பு கேக்குமுங்க மாமா."

பல்பு வைத்தேன். இரும்பு மேலே ஏறி நின்றதிலிருந்து ஐந்து நொடி கழித்துப் பச்சை பல்பு எரியும். எரிந்தால் லீவர். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து நொடி என்பது என் இஷ்டத்துக்கு வைத்ததல்ல. அக்கா தகடு வைத்துக் கை எடுக்கும் நேரத்தை இருநூறு முறை அளந்து சராசரி எடுத்து, அதன் மேல் அரை நொடி கூட்டி வைத்தேன். சராசரி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாதி நேரம் அதற்குக் கீழே, பாதி நேரம் அதற்கு மேலே. பல்பு மாசாணம் அண்ணன் பக்கம் மட்டும்தான். 'எம்பக்கமும் ஒரு பல்பு போடுங்க' என்று ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு விழுந்தது; எழுத்து யாருடையதோ, பேச்சு அக்காவுடையது. 'பரிசீலனையில்' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். அவருக்கும் பல்பு இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தகட்டைப் பார்க்க மாட்டார் என்பது என் கருத்து.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மட்டுமே இரும்பு இறங்குகிற ஏற்பாடு ஒன்று உண்டே, அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாதது அல்ல. பரீட்சையில் அது பதிமூன்று மதிப்பெண் கேள்வி. படம் போட்டு எழுதியிருக்கிறேன். அதை மாட்ட மூன்று வாரம் மிஷினை நிறுத்த வேண்டும். பம்பு கம்பெனி கொடுத்த கெடுவில் அப்போது இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது.

பல்பு வந்ததும் 'வேலை நேரத்தில் பேச்சு வேண்டாம்' என்று ஒரு பலகையும் வைத்தேன். உற்பத்தி மூவாயிரத்து முந்நூறுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. பதினோரு நாள் அப்படியே நின்றது. கணக்குப்படி ஏற வேண்டும். என்னை அது ஒரு மாதிரி அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு கேமராப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் விஷயம் பிடிபட்டது. அவர்கள் பேசவில்லை, பலகைக்கு மரியாதை கொடுத்திருந்தார்கள். ஆனால் தகட்டை வைத்ததும் அக்கா நாடியை ஆட்டுகிறார். அண்ணன் புருவத்தைத் தூக்குகிறார். அக்கா மறுபடி நாடியை ஆட்டுகிறார். அப்புறம்தான் லீவர். அதே மூன்று, சத்தம் மட்டும் இல்லை. பல்பை அந்த மனுஷன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினோரு நாளாக நான் வைத்த பல்பு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் பதிவைத் திருப்பி ஓட்டி ஒரு மணி நேரத்தை முழுதாக எண்ணினேன். அந்த ஒரு மணியில், அக்காவின் கை அச்சுக்குள் இருக்கும்போதே பல்பு எரிந்தது எத்தனை தடவை என்று. எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு தகடு ஒட்டிக்கொண்டு வரும், மேடம். அதைப் பிரித்து எடுக்கக் கை கூடக் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும். பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுக்காமல் நின்றார். பதிவேட்டில் அதை 'இயக்குபவர் தாமதம்: 14' என்று குறித்தேன். கையெழுத்தும் தேதியும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலையில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தை நிறுத்தி, அண்ணன் நிற்கிற இடத்திலிருந்து அக்காவின் முகம் தெரியாதபடி மறைத்தேன்.

பூவாத்தாள் அக்காதான் முதலில் பேசினார். "ஏங்கண்ணு, நாங்க ரெண்டு பேரும் இங்க காதலா பண்ணிக்கிட்டிருக்கறோம், நடுவுல தகரம் வெச்சு மறைக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாசாணம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனைமலைப் பக்கத்து ஆள், குரலை உயர்த்தத் தெரியாது.

"தம்பி, அவிய மூஞ்சி தெரியமாட்டீங்குதுங்களே."

"மூஞ்சி எதுக்குங்கண்ணா? பல்பு தெரியுதுங்களா இல்லீங்களா?"

"தெரியுதுங்க. பல்புக்குக் கையிருக்குதுங்களா தம்பி?"

மறுபடியும் சிரிப்பு. மாமாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கோபம் எல்லாம் இல்லை. பல்பு எரிந்த பிறகும் லீவரை இழுக்காவிட்டால் அந்த நாள் வேலை இல்லை என்று மட்டும் சொன்னேன். அதை அமைதியாகத்தான் சொன்னேன். அங்கிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று மூவாயிரத்து எழுநூற்று இருபது. மாமா மைசூர்பா வாங்கி வந்தார். பூவாத்தாள் அக்காவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "இன்னைக்குப் பூராவும் சாமியக் கும்புட்டுக்கிட்டே கைய உட்டேன் கண்ணு," என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் விளையாட்டாகப் பேசுவார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. நான் ஒரு ஃபேன் வைக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு இரண்டு தகடு ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா வைத்துவிட்டு, கனத்தில் தெரிந்து, மேல் தகட்டை எடுக்க மறுபடியும் கையை உள்ளே விட்டார். ஐந்தாவது நொடியில் பல்பு எரிந்தது. அண்ணன் இழுத்தார்.

வலது கை. கட்டை விரல் இருக்கிறது.

அக்கா கத்தவில்லை. அதனால் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. மூடியை உருவ வந்தவர் அச்சுக்குள் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே. அவரை எழுப்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அக்கா தானே நடந்து போய் மாமாவின் காரில் ஏறினார். கையைச் சுற்றியிருந்த துண்டு சீட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் மகள் பொற்கொடி வெளியிலேயே நின்று என்னைப் பார்த்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்தார். "வாங்க கண்ணு. சாப்டீங்களா?" என்றார். அப்புறம், "மாசாணத்த ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. அவரு எம்பட மூஞ்சியப் பாக்காம ஒருநாளும் இழுத்ததில்லீங்க," என்றார். அதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு விபத்தைப் பற்றிப் பேசுகிறவர் தன் கையைப் பற்றிப் பேசாமல் இன்னொருவர் வேலைக்குச் சிபாரிசு செய்தால் பதில் சொல்வது கஷ்டம்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதற்கு அடுத்த நாள் நடந்தது. மாசாணம் அண்ணன் ஸ்டேஷனில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'கவனக்குறைவாக லீவரை இழுத்துவிட்டேன், தப்பு என்னுடையது' என்று. யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சாப்பிடுவதில்லையாம். மாமாவுக்கு ஆறுதல். "விதிங்க மாப்ளே, உட்டுருங்க. அவரு கேசு, நாம பாத்துக்கலாம்," என்றார். வக்கீலுக்கும் ஆறுதல். எல்லோருக்கும் வசதியான தாள் அது.

என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. மனசாட்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மேடம். அந்த வார்த்தையைப் போட்டு என் வாக்குமூலத்தைக் கெடுத்துவிட வேண்டாம். நான் கட்டியது ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கில் மாசாணம் அண்ணனுக்கு முடிவெடுக்கிற வேலையே கிடையாது. அவர் கவனித்தார், கவனிக்கவில்லை என்பதெல்லாம் பழைய முறையின் பேச்சு. அதை எடுப்பதற்குத்தான் நான் ஒரு மாதம் பாடுபட்டேன். பல்பு எரிந்தது, அவர் இழுத்தார். நான் எழுதி வைத்தபடி, ஒரு நொடி முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல். அதைப் போய் அவருடைய தப்பு என்று எழுதினால் நான் செய்த வேலைக்கு என்ன அர்த்தம்?

நாளைக்கே என்னை மறுபடி அங்கே நிறுத்தினாலும் இதைத்தான் செய்வேன். கணபதியிலேயே எங்கள் அளவு ஒர்க்ஷாப் எத்தனை இருக்கிறது, யார் ஒரே மாதத்தில் எழுநூறு மூடியை ஏற்றிக் காட்டினார்கள், சொல்லுங்கள். வளர வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. எதையாவது எடுத்தால்தான் வளரும் என்று சொல்ல ஒருவனுக்குத்தான் தைரியம் இருந்தது.

அதனால் அந்தத் தாளைத் திருத்திவிடுங்கள். இழுத்தது அவர். இழுக்காமல் நிற்க அவருக்கு இருந்த ஒரே காரணம் அந்த அம்மாவின் முகம். அதைத் தகரம் வைத்து மறைத்தது நான். மறைக்காவிட்டால் என்ன நடக்கிறது என்று ஒரே மணியில் பதினான்கு முறை எண்ணிப் பார்த்தேன். மறைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் மறைத்தேன்.

ஒன்றே ஒன்று, மேடம். என் பேருக்கு நேராக அந்த 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் எதையும் கவனிக்காமல் செய்ததில்லை.