பிறக்காத மணமக்களுக்கு மூணு பேனர்

— மொத பேனர்ல ஒரு பையனும் ஒரு பொண்ணும் இருக்கு, சரி. மீதி ரெண்டு எதுக்கு மாமா?

— மெதுவா பேசு வினோ, பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. ரெண்டாவதுல ரெண்டும் பையன். மூணாவதுல ரெண்டும் பொண்ணு. பக்காவா பண்ணிட்டேன்.

— என்னாத்த பக்காவா பண்ணீங்க?

— உனக்கு இது ஆறாவது மாசம். என் தங்கச்சி தமிழுக்கு ஏழு. யாருக்கு என்னா பொறக்கும்னு ஸ்கேன் எடுக்குறவங்க வாயத் தொறக்க மாட்டாங்க, சட்டம் அப்படி. எது பொறந்தாலும் பேனரு தயாரா இருக்கணும் இல்ல? சொந்தமா பிளெக்ஸ் கடை வச்சிருக்கறவன் இதுகூட பண்ணலன்னா எப்படி?

— பொறக்காத புள்ளைங்களுக்கு "வருங்கால மணமக்கள்"னு பேனரு. அதப் போயி உங்க தங்கச்சி வளகாப்புல, சிதம்பரத்துல, மண்டபத்து வாசல்ல கட்டப் போறீங்க.

— பதினோரு மணிக்குள்ள கட்டிடணும். எதக் கட்டுறதுன்னுதான் ஒரே கொழப்பம். பேசாம மூணையும் கட்டிட்டு, பொறந்த பின்னாடி ரெண்டக் கழட்டிட்டா என்னா?

— கடவுளே.

— என்னா கடவுளே? போன மாசம் மச்சானும் நானும் தட்டு மாத்திட்டோம். உன் வயித்துல இருக்கறதும் அவ வயித்துல இருக்கறதும் ஜோடின்னு வாக்கு குடுத்தாச்சி. சொன்னா சொன்னதுதான்.

— நான் தமிழு ஊட்டு ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தேன் மாமா. முழிச்சி வந்து பாத்தா ஹால்ல வெத்தலபாக்கு கெடக்குது. என் வயித்துல இருக்கறத, நான் தூங்கறப்ப பேசி முடிச்சிட்டீங்க.

— எழுப்பலாம்னுதான் பாத்தேன். பாவம், வாயத் தொறந்துக்கிட்டு அசந்து தூங்குன.

— அப்ப என்னா பேசுனீங்க? ஒன்னு ஆணு, ஒன்னு பொண்ணுன்னு பொறந்தா கட்டி வெக்கறது. அவ்ளோதானே?

— அது போன மாசத்துக் கத. நேத்து தாய்லாந்துல சட்டம் வந்துடுச்சே! ஆணும் ஆணும் கட்டிக்கலாம், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கலாம். டிவில நீயுந்தானே பாத்த?

— பாத்தேன்.

— எனக்கு அப்பாடான்னு இருந்துச்சி வினோ. ரெண்டும் ஒரே மாதிரி பொறந்துட்டா வாக்கு பொய்யா பூடுமேன்னு ஒரு மாசமா சோறு எறங்கல. இப்ப எப்படிப் பொறந்தாலும் தப்பிக்கவே முடியாது!

— எனக்கு எப்படி இருந்துச்சி தெரியுமா?

— சந்தோசமா இல்லியா?

— பகீர்னு இருந்துச்சி. பாடலீஸ்வரர் கோயில்ல நாலு வெள்ளிக்கெழமையா என்னா வேண்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சீங்க? தமிழுக்குப் பையன்னா எனக்கும் பையன், அவளுக்குப் பொண்ணுன்னா எனக்கும் பொண்ணு குடு சாமின்னுதான். எனக்கு இருந்தது அந்த ஒரு வழி. அதையும் தாய்லாந்துக்காரன் அடச்சிட்டுப் பூட்டான்.

— அடிப்பாவி! நாலு வாரமும் நாந்தான உன்ன வண்டில வச்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன்! தேங்கா ஒடச்சது நானு!

— நல்லாத்தான் ஒடச்சீங்க. ரெண்டும் சரி சமமா ஒடஞ்சிது.

— அப்ப எந்தங்கச்சி புள்ள உனக்கு ஆவாது?

— தமிழு என்கூட பாண்டி ஆடுனவ மாமா. அவ புள்ள எனக்கு ஒசத்திதான். ஆனா எம்புள்ளைக்கு இன்னும் பேரே வெக்கல. அதுக்குள்ள அதுக்கு மாலையும் கழுத்துமா போட்டோ எடுத்து வச்சிருக்கீங்க. எனக்கு வேணாம். இன்னிக்கு அந்த மண்டபத்துல பேனரு ஏறிடுச்சின்னா, சொந்தக்காரங்க அத்தினி பேரும் பாத்துடுவாங்க. அப்பறம் எம்புள்ள எங்க போனாலும் "நீ அத்த ஊட்டுக்கு நிச்சயம் பண்ணதுதான"ம்பாங்க. ஏறக்கூடாது.

— இருவத்தஞ்சி வருசம் இருக்குது வினோ.

— அப்ப பேனருக்கு என்னா அவசரம்? அதும் சட்டம் வந்தது தாய்லாந்துக்கு.

— இங்கயும் வரும். சுப்ரீம் கோர்ட்டுல கேஸ் போச்சில்ல? எங்க வேல இல்ல, பார்லிமெண்டு பாத்துக்கட்டும்னாங்க. இருவத்தஞ்சி வருசத்துல பாக்க மாட்டாங்களா?

— நம்ம தெரு சாக்கடைய அவ்ளோ வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

— எம்மா, இந்த உருட்டுக் கட்டய கொஞ்சம் அந்தாண்ட நகத்துறியா? எங் கருவாட்டுக் கூடை மேலயே சாயுது.

— கட்ட இல்ல பெரியம்மா, பேனரு. லக்கேஜ் டிக்கெட்டு வாங்கியிருக்கேன்.

— தெரியும் ராசா, ஆலப்பாக்கத்துலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் வரேன். நான் இருசம்மா. முதுநகர்ல யாவாரம் முடிச்சிட்டு பி.முட்லூர் போறேன். ஒரு சந்தேகம், கேக்கலாமா?

— கேளுங்க பெரியம்மா. இவரு பதில் சொல்லுவாரு.

— ரெண்டும் பையனா பொறந்தா, பொண்ணு ஊட்டுக்காரங்க யாரு ராசா?

— யாருமே இல்ல! அதான் பெரியம்மா இதுல விசேசம். ரெண்டு பக்கமும் மாப்பிள்ள ஊடு. எவனும் எவன் முன்னாடியும் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேணாம்.

— அப்ப பந்தியில யாரு சோறு போடுறது?

— ஆளு வச்சிக்கலாம்.

— அது சரி. ரெண்டு பக்கமும் மாப்பிள்ள ஊடுன்னா ரெண்டு பக்கமும் கோச்சிக்குவாங்களே. பாயசத்துல சக்கர பத்தலன்னு இந்தப் பக்கம் ஒருத்தன் எழுந்து போவான், வரவேற்க ஆளில்லன்னு அந்தப் பக்கம் ஒருத்தன் எழுந்து போவான். போனவங்கள யாரு போயி கூட்டியாரது?

— கேளுங்க பெரியம்மா, நல்லா கேளுங்க.

— வினோ, நீ சும்மா இரு. ரெண்டும் பொண்ணா பொறந்தா அந்தப் பிரச்சின இல்ல பெரியம்மா.

— அங்கதான் பெரிய பிரச்சின. ரெண்டு பக்கமும் பொண்ணு ஊடு. எல்லாரும் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு பன்னீரு தெளிச்சிக்கிட்டே இருப்பாங்க. உள்ள போயி உக்கார ஒரு ஆளு இருக்காது. சோறு ஆறிப் பூடும்.

— பாத்தீங்களா மாமா?

— ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா? பெரியம்மா, உங்களுக்கு இதுல புடிக்காதது என்னா, அதச் சொல்லுங்க. ஆணும் ஆணும் கட்டிக்கறதா?

— எனக்கென்னாப்பா? எம்புருசன் இருவது வருசமா அவன் கூட்டாளியோடதான் சுத்துனான். சோத்துக்கு மட்டுந்தான் ஊட்டுக்கு வருவான். அப்ப இந்த சட்டம் இருந்திருந்தா அந்தக் கூட்டாளிக்கே சோத்துப் பானையக் குடுத்துட்டு நான் நிம்மதியா இருந்திருப்பேன். அது கெடக்கட்டும், அந்த போட்டாவக் கொஞ்சம் பிரி, பாப்போம்.

— தோ. இந்தப் பக்கம் புடிச்சிக்கோங்க. இது ரெண்டு பையன். எப்படி?

— அழகாத்தான் இருக்கு. ஏன் ராசா, ரெண்டு புள்ளைக்கும் கண்ணு நீலமா இருக்குதே?

— நெட்டுல எடுத்த போட்டோ பெரியம்மா. தலப்பாவும் மாலையும் நான் சேத்தது.

— நம்ம கொலத்துலயே நீலக்கண்ணு கெடையாது. நாளைக்கு உங்கம்மா வந்து என்னையத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. கீழ என்னா மாமா எழுதியிருக்கீங்க? "திருமண நாள்: விரைவில்"?

— தேதி போடலன்னா எடம் காலியா தெரிஞ்சிது.

— நேத்து ராத்திரி அந்தச் செய்திய நீங்க பாத்தது வேற, நான் பாத்தது வேற மாமா.

— ஒரே டிவிதான?

— அதுல ரெண்டு பொண்ணுங்க வந்தாங்களே. ஒருத்தி கண்ணாடி போட்டவ. வரிசையில அவ்ளோ நேரம் நின்னு, கையெழுத்துப் போட்டுட்டு, அந்தக் காகிதத்த நெஞ்சோட அணைச்சிக்கிட்டு ஓன்னு அழுதாங்க. எத்தினி வருசம் இதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்களோன்னு எனக்கும் அழுகை வந்துடுச்சி. அவங்கள யாரும் தட்டு மாத்திக் கொண்டாந்து நிறுத்தல. அவங்களே வந்தாங்க. ஆசப்பட்டவங்கள ஆசப்பட்டபடி கட்டிக்கச் சொல்ற சட்டம் அது. அத வச்சி நீங்க வயித்துல இருக்கறத மடக்கப் பாக்குறீங்க.

— ஐயோ, நான் எங்க மடக்குனேன்? சொந்தம் விட்டுப் போவக்கூடாதுன்னு...

— ஏம்மா, இடையில கேக்குறனேன்னு நெனக்காத. நீங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டுக் கட்டுனதா, பேசி முடிச்சதா?

— நல்லா கேட்டீங்க பெரியம்மா. இவ எங்க அத்த பொண்ணு. அத்த முழுவாம இருக்கறப்பவே எங்கப்பா தட்டு மாத்திட்டாரு. எனக்கு அப்ப மூணு வயசு. தட்டுல இருந்த வெத்தலைய எடுத்து நான் மென்னுட்டேனாம். மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டான்டான்னு எல்லாரும் சிரிச்சாங்களாம்.

— அட என் ராசா!

— அதான் சொல்றேன். எங்களயும் வயித்துலயே பேசுனதுதான், என்னா கொறஞ்சி போச்சி? நல்லாத்தான இருக்கோம்? சொல்லு வினோ.

— வினோ, சொல்லேன். பெரியம்மா பாக்குறாங்க.

— நல்லாத்தான் இருக்கோம் மாமா.

— அதுக்கு ஏன் ஜன்னலப் பாத்துக்கிட்டு சொல்ற?

— ஒன்னாவது படிக்கறப்பலேருந்து, யாரு என்னக் கூப்புட்டாலும் உங்க பேரச் சேத்துத்தான் கூப்புடுவாங்க. "செந்தமிழ் பொண்டாட்டி, பலப்பம் இருக்கா"ன்னு கேப்பாங்க. காலேஜுல ஒருத்தன் லெட்டரு குடுக்க வந்தான். நான் பேசி வச்ச பொண்ணுன்னு சொன்னேன். சாரி சிஸ்டர்னுட்டுப் பூட்டான்.

— எவன் அவன்?

— பேரு தெரியாது.

— எந்த டிபார்ட்மெண்ட்டு?

— மாமா, நான் சொல்ல வந்தது அவனப் பத்தி இல்ல.

— குறிஞ்சிப்பாடிப் பையனா? சவுண்டு சர்வீசு வச்சிருக்கானே, ஒரு மாதிரி மீச வச்சிக்கிட்டு...

— ராசா, வாய மூடு. அந்தப் பொண்ணு பேசட்டும்.

— உங்களப் புடிக்கலன்னு நான் சொல்லல மாமா. புடிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல. எங்கப்பா கேக்கல, உங்கப்பா கேக்கல. பத்திரிக்க அடிச்ச அன்னிக்கு டிசைன் புடிச்சிருக்கான்னு கேட்டீங்க. மஞ்சளா செவப்பான்னு கேட்டீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னையும் கேப்பீங்கன்னு பாத்தேன். சரின்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேணும்ல? எம்புள்ளைக்காவது அது கெடைக்கட்டும். அது பையனக் கட்டட்டும், பொண்ணக் கட்டட்டும், யாரையும் கட்டாம கூட இருக்கட்டும்.

— என்னா ராசா, பேனரச் சுருட்டிட்ட?

— பெரியம்மா... இந்த பிளெக்ஸு நல்ல கனம். தண்ணி எறங்காது.

— அதுக்கு?

— கருவாடு காய வெக்க ஆவுமா?

— மூணுமா? ஐயே, சும்மாவா குடுக்குற? தார்ப்பாயி கிழிஞ்சி ரெண்டு மாசமாச்சி. நீலக்கண்ணுங்க மேல நெத்திலியப் பரப்பிடுவேன்.

— எடுத்துக்கோங்க.

— மாமா, நெசமாவா?

— இரு, தமிழுக்கு போன் போட்டுடறேன். அலோ, தமிழு? அண்ணன்தான். வந்துக்கிட்டே இருக்கோம், புதுச்சத்திரம் தாண்டியாச்சி. ஒரு விசயம்மா. போன மாசம் மச்சானோட தட்டு மாத்துனேன் இல்ல, அது வேணாம். இல்ல இல்ல, கோவம்லாம் இல்ல. புள்ளைங்க வளந்து அதுங்களா பாத்துக்கட்டும். பேனரும் கட்டல. ஆமா. ஆங். ம்... சரி. வச்சிட்டா.

— என்னா சொன்னா? அழுதாளா?

— "நீ என்னைக்குண்ணே சொன்னதச் செஞ்சிருக்க, வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வா"ன்னா.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான். ஒரு மாசமா நாந்தான் சோறு தின்னாம கெடந்திருக்கேன்.

— பெரியம்மா, பி.முட்லூர் பி.முட்லூர்னு கண்டக்டரு கத்துறாரே, எறங்கலியா?

— எங்க எறங்குறது? அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துக்கறேன். உம்புருசன் மூஞ்சியப் பாரு, உன்ன எதையோ கேக்கப் போறாரு. கேட்டுட்டுத்தான் நான் எறங்குவேன்.

— ஒன்னுமில்ல பெரியம்மா.

— ஒன்னுமில்லன்னா காது ஏன் செவக்குது? கேளு ராசா. நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். ஆனா காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

— வினோ.

— என்னா மாமா?

— மூணு வயசுல வெத்தல மென்னதுக்கு மேல நான் ஒன்னும் பண்ணலதான். கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல வினோ. நீ எப்பவுமே இருந்த, அதான். இப்ப... பஸ்ல... எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. என்னக் கட்டிக்க உனக்கு சம்மதமா?

— சொல்லு தாயி! பஸ்ஸே கேக்குது!

— ரெண்டு நாளு டைம் குடுங்க மாமா. யோசிச்சி சொல்றேன்.