ரெண்டாம் நாள் துடிப்பு

மீனா, நேற்று நாமக்கல் பஸ்ஸில் உனக்குப் பிடித்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்டேன். முன் சீட்டில் மாசமாக இருந்த ஓர் அக்கா. கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில், உள்ளே கரு வளர்கிறதா என்று முட்டைகளை விளக்கில் வைத்துப் பார்ப்பவர். பக்கத்தில் காலேஜ் படிக்கும் அவருடைய தங்கை. ஸ்கேனுக்குப் போகிறார்கள். போன தடவை குழந்தையின் துடிப்பு தெரியவில்லையாம்.

“கால்சியந்தான் இதயத்தைத் துடிக்க வெக்குதுன்னியே கண்ணு. அதான் காலையில ரெண்டு மாத்திரை சேத்தி முழுங்கிட்டேன்.”

“அட போங்கக்கா. அது மாத்திரையில வாரதில்லீங்க. கருவோட செல்லுக்குள்ள கால்சியம் ஏறி எறங்கும். அதுதான் இதயத்தைத் துடிக்கச் சொல்லும்.”

“முட்டையில அது எப்ப?”

“அடைக்கு வெச்ச ரெண்டாம் நாளே.”

“நாங்க ஏழாம் நாள்தான் வெளக்குல பாப்போம். முன்னாடியே பாத்தா ஒண்ணும் தெரியாது. தெரியலீன்னு தூக்கிப் போடவும் மாட்டோம்.”

“அப்பறம் போன தடவ ஸ்கேன்ல தெரியலீன்னதும் நீங்க மட்டும் எதுக்குங்கக்கா அழுதீங்க?”

அக்கா சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இருவரும் இறங்கினார்கள். ஸ்கேனில் என்ன வந்ததென்று எனக்குத் தெரியாது.

உன் இதயம் நின்று நாற்பது நாளாகிறது. அதை முதலில் துடிக்கச் சொன்னது எதுவென்று நேற்றுத்தான் தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் என் தங்கை மீனாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் பிள்ளைக்காகவும்.